அழாதீங்க என்று சொல்கிறவர்களுக்கு

துக்க வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் மகன்களே, மருமகன்களே, பேரன்களே,

வணக்கம் சொல்லித் தொடங்க மனம் வரவில்லை. கேத வீட்டில் யாரும் வணக்கம் சொல்வதில்லை. எங்கள் பக்கத்தில் வந்தவர் கையைத் தொட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிடுவார். அதுபோல உங்கள் கையைத் தொட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

உங்களை எனக்கு நன்றாகத் தெரியும். சேதி கேட்டதும் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பி வந்திருப்பீர்கள். குளிர்பெட்டிக்குச் சொல்லி, பந்தல்காரருக்கு முன்பணம் கொடுத்து, மயானத்துக்கு ஆள் அனுப்பி, வருகிறவர்களுக்குக் காபி போடச் சொல்லி, ஒரு சொட்டுக் கண்ணீர் விட நேரமில்லாமல் அலைந்துகொண்டிருப்பீர்கள். அந்த நேரம் தெருமுனையில் ஒரு வேன் வந்து நிற்கும். இறங்கும்போதே கொண்டையை அவிழ்த்துவிட்டு, இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு ஓர் அத்தையோ பெரியம்மாவோ ஓடி வருவாள். உள்ளே இருக்கும் பெண்கள் எழுந்துபோய் அவளைக் கட்டிக்கொள்வார்கள். தோள்மேல் கை போட்டு, தலையோடு தலை முட்டி, வட்டமாக உட்கார்ந்து அசைய ஆரம்பிப்பார்கள். ஒருத்தி ராகம் எடுப்பாள். அப்போதுதான் நீங்கள் வாசலிலிருந்து எழுந்து உள்ளே போய் அந்த வார்த்தையைச் சொல்கிறீர்கள்: "போதும், அழாதீங்க."

நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான் சொன்னேன்.

2009-இல் என் அப்பா இறந்தார். கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல் ஊர். நான் சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். என் அலுவலகத்திலிருந்து நாலு பேர் கார் எடுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் வந்திருந்தார்கள். பத்து மணி வாக்கில் அத்தை வந்தாள், அப்பாவின் ஒரே தங்கை. எழுபது வயதிருக்கும். வந்ததும் அழ ஆரம்பித்தாள். அம்மன் கொடைக்குத் தன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போன அண்ணனைச் சொல்லி அழுதாள். வருஷம் தவறாமல் பொங்கலுக்கு முதல் நாள் கரும்புக்கட்டும் மஞ்சள்கொத்தும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து தன் வீட்டு வாசலில் மணியடித்த அண்ணனைச் சொல்லி அழுதாள். எல்லாம் ராகத்தோடு, அளவோடு, அடிக்கு அடி. பிறகு குரல் வேறு பக்கம் திரும்பியது. அவள் வேறு எதையோ சொல்லத் தொடங்கினாள். நான் குனிந்து அவள் தோளைத் தொட்டு, "அத்தே, போதும். ஆபீஸ்லருந்து ஆள் வந்திருக்காங்க" என்றேன்.

அடி பாதியில் நின்றது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சரிய்யா" என்றாள். அப்பாவைத் தூக்குகிற வரைக்கும் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை.

அந்தப் பாதி அடிக்காகத்தான் உங்களுக்கு இந்த மடலை எழுதுகிறேன்.

அழ வேண்டாம் என்பதற்கு நீங்கள் சொல்லும் காரணங்கள் எல்லாம் எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் நானும் சொன்னவைதான். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

முதலாவது, கண்ணியம். வாய்விட்டு அழுவது நாகரிகம் இல்லை, பெரிய மனிதர்கள் துக்கத்தை உள்ளே வைத்துக்கொள்வார்கள் என்கிறீர்கள். யார் சொன்ன நாகரிகம் இது? புறநானூற்றின் 245ஆம் பாட்டைப் பாடியவன் ஒரு சேர மன்னன், கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை. மனைவி இறந்துபோனாள். கள்ளி முளைத்த களர்நிலத்தில் அவளை ஈமத் தீயில் கிடத்திவிட்டு வந்து, என்னைக் கொல்லாமல் விட்டிருக்கிறதே, இந்தத் துயரம் என்ன பெரிய துயரம் என்று கேட்கிறான். தன் உயிர் இன்னும் போகவில்லையே என்று வெட்கப்பட்டவன், அழுததற்கு வெட்கப்படவில்லை. அதை மறைத்து வைக்கவும் இல்லை. பாட்டாக்கி ஊருக்குக் கொடுத்தான். கம்பனில் இந்திரசித்து இறந்த பிறகு இராவணன் புலம்புவதற்கென்றே ஒரு படலம் இருக்கிறது. மூவுலகையும் ஆட்டிப்படைத்தவனைக் கம்பன் மண்ணில் புரண்டு அழ வைத்திருக்கிறான். அதனால் இராவணன் நம் கண்ணில் தாழ்ந்துவிட்டானா?

நம்முடைய காலத்துக்கே வாருங்கள். 1969 பிப்ரவரி 3-இல் அண்ணா மறைந்தபோது தமிழ்நாட்டு ஆண்கள் தெருவில் நின்று அழுதார்கள். அவருக்காகக் கலைஞர் எழுதிய இரங்கற்பாவை இன்றைக்கும் ஒலிபெருக்கியில் கேட்கிறோம். தலைவர் போனால் தெருவில் அழலாம், தன் அண்ணன் போனால் ஒரு கிழவி வீட்டுக்குள்கூட அழக்கூடாது என்றால் அதற்குக் கண்ணியம் என்றா பெயர்?

இரண்டாவது, இது படிக்காத சனத்தின் வழக்கம் என்பது. இதை நீங்கள் வெளிப்படையாகச் சொல்வதில்லை. உங்கள் முகம் சொல்லிவிடும். தமிழில் படித்தவர்களிலேயே பெரிய படிப்பாளிகள் செய்த வேலை இது என்பதை உங்களுக்கு நினைவுபடுத்துகிறேன். கையறுநிலை என்று அதற்கு ஒரு துறையே வகுத்து வைத்தார்கள். பாரிக்காகக் கபிலர் பாடினார், அதியமானுக்காக ஔவை பாடினார், கோப்பெருஞ்சோழனுக்காகப் பொத்தியார் பாடினார். குடவாயிற் கீரத்தனார், ஒல்லையூரில் ஒரு வீரன் செத்த பிறகும் பூத்து நிற்கிற முல்லைக்கொடியைப் பார்த்து, உனக்கு எப்படிப் பூக்க மனம் வந்தது என்று சண்டைக்கே போனார். 256ஆம் பாட்டைப் பாடியவர் யார் என்று பெயர்கூட இல்லை. புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண் ஊர்க் குயவனிடம் பேசுகிறாள். வண்டிச் சக்கரத்தின் ஆரத்தில் ஒட்டிக்கொண்டு சுரம் முழுக்கக் கூடவே வந்த பல்லி மாதிரி அவனோடு வந்தவள் நான், அவனுக்கு வனைகிற தாழியைக் கொஞ்சம் அகலமாக வனை, எனக்கும் இடம் இருக்கட்டும் என்கிறாள். தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் மண்ணுக்குள்ளிருந்து வரிசை வரிசையாக வெளியே வந்த தாழிகளைப் பார்த்தவர்கள் இந்தப் பாட்டை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பெரியம்மா "என்னையும் சேத்துக் கொண்டுபோயிருக்கக் கூடாதா" என்று பெட்டியின் மேல் விழுந்து அழுவதற்கும் அந்தப் பாட்டுக்கும் நடுவில் எத்தனை தூரம் இருக்கிறது? ஒன்றைப் பாடப்புத்தகத்தில் வைத்து மதிப்பெண் போடுகிறோம். இன்னொன்றை உள் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீர் கொடுத்து அடக்குகிறோம்.

யாழ்ப்பாணத்தில் இறந்தவரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் 'கல்வெட்டு' என்று ஒரு சிறு புத்தகம் அச்சிட்டுக் கொடுப்பார்கள். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், சகோதரர் புலம்பல் என்று உறவுக்கு ஒரு தலைப்பு வைத்து, இறந்தவரின் வரலாற்றோடு செய்யுளாகப் பாடி வைத்திருப்பார்கள். அந்தக் கல்வெட்டுகள் இன்று ஊர் வரலாறு எழுதுகிறவர்களுக்கு ஆவணம். அழுகையைப் படிக்காத சனத்தின் காரியம் என்று அங்கே யாரும் ஒதுக்கவில்லை. அச்சுக்கூடத்துக்கே கொண்டுபோனார்கள்.

மூன்றாவது காரணம்தான் எனக்குப் பிடித்தது. "எல்லாம் நடிப்பு" என்கிறீர்கள். இப்போது அழுதவள் மறு நிமிஷமே மூக்கைச் சிந்திவிட்டு, "எப்ப எடுக்கிறாங்களாம்?" என்று சாதாரணக் குரலில் கேட்கிறாள், வெற்றிலை வாங்கிப் போடுகிறாள், அடுத்த வேன் வந்ததும் மறுபடி ராகம் எடுக்கிறாள் என்று சிரிக்கிறீர்கள். நான் சொல்கிறேன், அதுதான் அதன் அருமை. ஒப்பாரிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஒருத்தி எடுத்துக்கொடுப்பாள், மற்றவர்கள் கடைசிச் சொல்லில் சேர்ந்துகொள்வார்கள். அடியின் முடிவில் குரல் உச்சிக்குப் போய் அங்கிருந்து விம்மலாகச் சரியும். அந்தச் சரிவில்தான் மூச்சு வாங்குவார்கள். வந்தவள் இறந்தவருக்கு என்ன முறை வேண்டும் என்பதைப் பொறுத்துப் பாட்டு மாறும். அண்ணனுக்கு ஒன்று, தாய்க்கு ஒன்று, பெற்ற பிள்ளைக்கு ஒன்று. பேரனுக்குப் பாட வேண்டியதைப் புருஷனுக்குப் பாட முடியாது. தாங்க முடியாத ஒன்றை நாள் முழுக்கத் தாங்குவதற்கு அந்தப் பெண்கள் கண்டுபிடித்த ஏற்பாடு இது. ஏறவும் இறங்கவும் அதில் படி கட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் படியில் இறங்கி வந்து ஒரு வாய் வெற்றிலை போடுவதைப் பார்த்துத்தான் நீங்கள் நடிப்பு என்கிறீர்கள். வெண்பாவுக்குத் தளை பார்த்த புலவனை நடிகன் என்று சொல்லத் துணிவீர்களா?

பிரஷர் இருக்கிறது, சுகர் இருக்கிறது, அழுதால் உடம்புக்கு ஆகாது என்பீர்கள். மயக்கம் வந்தால் தாங்கிப் பிடியுங்கள், மாத்திரை கொடுங்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள். வேண்டாம் என்று யார் சொன்னார்? ஆனால் அன்றைக்கு என் அத்தையின் பிரஷரைப் பற்றி நான் ஒரு நொடியும் நினைக்கவில்லை. நீங்களும் நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

உண்மையான காரணத்துக்கு இப்போதுதான் வருகிறேன். தொல்காப்பியம் மெய்ப்பாடுகள் எட்டு என்கிறது. நகைக்கு அடுத்ததாகவே அழுகையை வைக்கிறது. அழுகை எதனால் பிறக்கும் என்று கேட்டால் நான்கு காரணம் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இழிவுபடுத்தப்படுவது, இழப்பது, இருந்த நிலையிலிருந்து தாழ்வது, இல்லாமை. சாவு இந்த நான்கில் ஒன்றுக்குள்தான் அடங்கும். மற்ற மூன்றும் உயிரோடு இருக்கிறவர்கள் படுகிற பாடு. துக்க வீட்டில் உட்கார்ந்து அழுகிற பெண்ணைக் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேளுங்கள். இழவில் தொடங்குவாள். கொஞ்ச நேரத்தில் மற்ற மூன்றுக்கும் போய்விடுவாள். பிறந்த வீட்டில் தனக்கு நடந்ததைச் சொல்வாள். நாத்தனார் சொன்ன சொல்லைச் சொல்வாள். வராத சீரை, கேட்காமல் விற்ற நகையை, மகன் வீட்டில் ஆறிப்போன சோற்றைச் சொல்வாள். செத்தவரிடம் சொல்வது போலச் சொல்வாள். கேட்க வேண்டியவர்கள் எல்லாம் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். ஒருவரும் எதிர்த்துப் பேச முடியாது. பிணத்தை வைத்துக்கொண்டு யார் சண்டை போடுவார்கள்? வாழ்நாளெல்லாம் வாயை மூடு என்று கேட்டு வந்த ஒருத்திக்கு, ஊர் கூடிய இடத்தில், குறுக்கே பேச ஆளில்லாமல், கிடைத்த ஒரே மேடை அது.

இது புதிதாக வந்ததும் இல்லை. புறநானூற்றின் 248ஆம் பாட்டில் ஒரு கைம்பெண், குளத்து ஆம்பலைப் பார்த்துப் பேசுகிறாள். இளமையில் எனக்குத் தழையாடை ஆனாய், இன்றைக்கு நேரங்கெட்ட நேரத்தில் நான் தின்கிற அரிசியாகவும் ஆனாய் என்கிறாள். புருஷன் போன துக்கத்தோடு, தனக்குக் கிடைக்கிற சோற்றைப் பற்றிய முறையீடும் அந்தச் சின்னப் பாட்டுக்குள் இருக்கிறது. ஒக்கூர் மாசாத்தனார் பாடியது. கண்ணகியை எடுத்துக்கொள்ளுங்கள். கோவலன் உடம்பைக் கட்டிக்கொண்டு மதுரைத் தெருவில் அழுதாள். இந்த ஊரில் பெண்கள் இல்லையா, சான்றோர் இல்லையா, தெய்வம் இல்லையா என்று கேட்டு அழுதாள். அந்த அழுகையின் அடுத்த அடியைத்தான் பாண்டியன் சபையில் போய்ப் பாடினாள். அன்றைக்கு யாராவது ஓர் ஆண்பிள்ளை, "போதும்மா, அழாதே" என்று அவளை ஊர்சூழ்வரியோடு நிறுத்தியிருந்தால் வழக்குரை காதை இல்லை.

அழுகிறவளைக் கண்டு பயப்படுவது தமிழ்நாட்டு ஆண்களின் நோய் மட்டும் இல்லை. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் ஏதென்சுக்குச் சட்டம் எழுதிய சோலன், சாவு வீட்டில் பெண்கள் என்னென்ன செய்யக்கூடாது என்று ஒரு பட்டியல் போட்டார். புளூட்டார்க் அதைப் பதிவு செய்திருக்கிறார். உடம்பைக் கீறிக்கொள்ளக் கூடாது, கட்டிய ஒப்பாரிப் பாட்டுப் பாடக் கூடாது, ஒருவர் சாவில் இன்னொருவருக்காக அழக் கூடாது. மூன்றாவதைக் கவனியுங்கள். நம் பெண்கள் செய்வதும் அதைத்தானே? யார் வீட்டுக் கேதத்துக்குப் போனாலும், எப்போதோ செத்துப்போன தன் பிள்ளையைச் சேர்த்து அழுதுவிட்டுத்தான் வருகிறார்கள். பழைய சாவுகளை மறக்காமல் வைத்திருக்கும் பெண்கள் ஒரு நகரத்தின் அமைதிக்கு ஆபத்து என்று சட்டம் எழுதுகிறவருக்கே தோன்றியிருக்கிறது. காலம் மாறியும் பயம் மாறவில்லை. 2021 ஜனவரி 8ஆம் தேதி இரவு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் போரில் மாண்டவர்களுக்காக வைத்திருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இடித்தார்கள். மாணவர்கள் போராடியதால் மறுபடி கட்டினார்கள். கல்லுக்கு ஏன் அவ்வளவு பயம்? அங்கே வந்து தாய்மார்கள் அழுவார்கள், அழும்போது பெயர் சொல்வார்கள், எப்படிச் செத்தார்கள் என்று சொல்வார்கள். அதனால்தான்.

இப்போது என் வீட்டுக்கு வருகிறேன். அத்தையின் குரல் வேறு பக்கம் திரும்பியது என்று சொன்னேன் அல்லவா? அது திரும்பியது ஒன்றரைக் குறுக்கம் கரிசல் நிலத்தை நோக்கி. தாத்தா காலத்துச் சொத்து. 1983-இல் என் என்ஜினியரிங் படிப்புக்காக அப்பா அதை விற்றார். தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அன்றைக்குச் சட்டமும் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்ற திருத்தம் 1989-இல்தான் வந்தது. அதுவும் அதற்கு முன்பே கல்யாணமாகிப் போனவர்களுக்கு இல்லை. நாடு முழுவதற்குமான திருத்தம் வந்தது 2005-இல். அத்தைக்கு எந்தச் சட்டமும் கைகொடுக்கவில்லை. அவளுக்கு இருந்த ஒரே கோர்ட்டு அண்ணன் பிணத்தின் தலைமாடுதான். அங்கே அவள் தன் வழக்கை எடுத்த நேரம் பார்த்து நான் "போதும்" என்றேன்.

ஆபீஸ் ஆட்களுக்காகச் சொன்னேன் என்றுதான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. அந்த நிலத்தைத் தின்று படித்தவன் நான். அடுத்த அடியில் என் பெயர் வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அதனால்தான் உங்களிடம் இவ்வளவு கறாராகப் பேசுகிறேன். அழாதே என்று சொல்கிறவன் பெரும்பாலும் அழுகிறவளைக் காப்பாற்றுவதில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறான். தன் வெட்கத்தை, தன் வீட்டு ரகசியத்தை, தன் நெஞ்சுக்குள் அடைத்து வைத்திருக்கும் அழுகையை.

2011-இல் அத்தையும் போனாள். போய் இறங்கினேன். வாசலில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். பென்டிரைவில் ஒப்பாரி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு பெண், யாரோ ஒரு தாய்க்காக, கீபோர்டு இசையோடு அழுதுகொண்டிருந்தாள். அந்தப் பாட்டில் இருந்த அம்மாவுக்கு மாடி வீடு இருந்தது, நாலு மகன்கள் இருந்தார்கள். என் அத்தைக்கு ஒரே மகள். ஓட்டு வீடு. உள்ளே போனேன். பெண்கள் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தை மகள் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள், வாயைத் திறந்தாள், அழத் தெரியவில்லை. "அம்மாவுக்கு எல்லாம் தெரியும் அத்தான், எனக்கு ஒண்ணும் வரலையே" என்றாள். ஊரில் அத்தனை பேர் சாவுக்கும் பாடியவளுக்குப் பாட ஆளில்லை.

இதற்குச் சில வருஷம் கழித்துக் கொரோனா வந்தபோது இந்த வெறுமை எல்லார் வீட்டுக்கும் வந்தது. இறுதிச் சடங்குக்கு 20 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று விதி இருந்தது. உடம்பைப் பையில் கட்டிக் கொடுத்தார்கள். தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தோம். பல வீடுகளில் அதுகூட இல்லை. அப்போது உங்களில் எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள், "கட்டிப்பிடிச்சு அழக்கூட முடியலையே" என்று. அழுகை எதற்கு என்று அன்றைக்கு உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மறந்துவிடாதீர்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பழையதெல்லாம் திரும்ப வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பண்ணையார் வீட்டுச் சாவுக்கு மாரடிக்கச் சேரியிலிருந்து பெண்களைக் கட்டாயமாக அழைத்துக்கொண்டு போன காலம் ஒன்று உண்டு. கேதம் சொல்லவும் பறை அடிக்கவும் ஒரு சாதியையே ஓட விட்ட காலம் உண்டு. தன் துக்கத்துக்கு அழ நேரமில்லாதவளை அடுத்தவன் துக்கத்துக்கு அழ வைத்தது கொடுமை. அது ஒழிந்ததும் ஒழிவதும் நல்லதே. புருஷன் செத்தவளைக் கூட்டத்தின் நடுவில் உட்கார வைத்து வளையலை உடைத்து, பூவைப் பிய்த்து, பொட்டை அழிக்கிற சடங்கும் ஒழியட்டும். அது துக்கத்தில் சேராது, தண்டனையில் சேரும். பாருங்கள், அந்தச் சடங்கைச் செய்கிற வீடுகளில் நீங்கள் எழுந்துபோய், "போதும், நிறுத்துங்க" என்று சொல்வதில்லை. அழுகையைத்தான் நிறுத்துகிறீர்கள். நிறுத்த வேண்டியதை விட்டுவிட்டு விட வேண்டியதை நிறுத்துகிறீர்கள்.

அதனால் உங்களிடம் சில கேட்கிறேன். பெரிய காரியம் ஒன்றும் இல்லை.

அடுத்த முறை துக்க வீட்டில் ஒரு பெண் ராகம் எடுத்தால், வாசலில் ஒலிபெருக்கி ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்துங்கள். அவளை விட்டுவிடுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் கீழ்வீட்டார் முகம் சுளித்தால், நீங்கள் படியிறங்கிப் போய், "எங்க வீட்டுல சாவுங்க, ஒரு நாள் பொறுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு வாருங்கள். அவளை அடக்குவதற்குப் பதிலாக அவர்களிடம் போய்ப் பேசுவதுதான் ஆண்பிள்ளை செய்ய வேண்டிய காரியம்.

முடிந்தால் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் உட்காருங்கள். வாசல் நாற்காலியில் உட்கார்ந்து மழையைப் பற்றியும் மனை விலையைப் பற்றியும் பேசுவதை நாம் திடம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சேர மன்னன் செய்ததை நீங்களும் செய்யலாம், தப்பில்லை. அழுகை வந்தால் அழுங்கள். பாட வராவிட்டால் பரவாயில்லை. வட சென்னைப் பையன்கள் நண்பனின் சாவுக்கு மரண கானா கட்டி விடியவிடியப் பாடுகிறார்கள். தங்களுக்குத் தெரிந்த தாளத்தில் ஒப்பாரியைத் தொடர்கிறார்கள். அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டில் பாடத் தெரிந்த கிழவி இன்னும் இருக்கிறாளா? அவளிடம் போய் எழுதி வாங்குங்கள். நா. வானமாமலை தொகுத்த 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' புத்தகத்தில் ஒப்பாரியும் இருக்கிறது. ஆனால் உங்கள் அப்பத்தா உங்கள் தாத்தாவுக்குப் பாடியது எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒன்று மட்டும் கவனம். விளக்கேற்றிய வீட்டுக்குள் உட்கார வைத்து ஒப்பாரி பாடு என்று கேட்காதீர்கள். பாட மாட்டாள். நல்லாயிருக்கிற வீட்டில் சாவுப்பாட்டா என்று உங்களைத்தான் திட்டுவாள். அவளைக் காட்டுப் பக்கமோ களத்துமேட்டுக்கோ கூட்டிக்கொண்டு போய், வேப்பமரத்தடியில் உட்கார வைத்துக் கேளுங்கள். அவள் சம்மதித்தால் செல்போனில் பதிவு செய்யுங்கள். அதை ஸ்டேட்டஸில் போடாதீர்கள். அது அவளுடைய சொத்து. அவளுக்குப் பிறகு உங்கள் மகளுடையது.

கடைசியாகக் கேட்பதுதான் கடினம். அழுகையில் ஒரு வழக்கு வந்தால் அதைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். செத்தவரைக் கூப்பிட்டு அவள் சொன்னது உங்களுக்குத்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரிப்பதற்குள், பங்காளிகள் எல்லாரும் ஒன்றாக இருக்கும்போதே, அவளை உட்கார வைத்து, "அன்னைக்கு என்னமோ சொன்னீங்களே, என்ன விஷயம்?" என்று கேளுங்கள். கொடுக்க வேண்டியது இருந்தால் கொடுங்கள். கொடுக்க முடியாதது என்றால், தப்பு நடந்தது என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். எத்தனையோ அத்தைகள் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இருபது வருஷமாக வேறு வேறு வீட்டுச் சாவுகளில் அழுதுகொண்டிருக்கிறார்கள்.

என் அத்தை நிறுத்திய அடியை அதற்குப் பிறகு யாரும் முடிக்கவில்லை. இனி முடிக்கவும் ஆளில்லை. உங்கள் வீட்டில் பாடுகிறவளை முடிக்க விடுங்கள்.

இப்படிக்கு,
உங்களோடு வாசலில் உட்கார்ந்திருந்த ஒருவன்